ஜப்பானின் விழா ஆண்டும் 1873ஆம் ஆண்டுப் பஞ்சாங்கமும்



ஜப்பானின் பாரம்பரிய விழாக்களை விவரிக்கும் நூல் எதை எடுத்தாலும் அது ஜனவரி 1இல் தொடங்கும். ஏழாம் தேதி ஏழு கீரைக் கஞ்சி. பிப்ரவரி தொடக்கத்தில் வறுத்த சோயாபீன்ஸை வீசிப் பேயை விரட்டும் செட்சுபுன். மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். மே 5 கெண்டைமீன் கொடிகள். ஜூலை 7 விண்மீன் விழாவான தனபத்தா. ஆகஸ்டு நடுவில் மூதாதையரை வரவேற்கும் ஒபோன். பிறகு நிலாப் பார்த்தல். கடைசியில் டிசம்பர் 31 நள்ளிரவில் பௌத்தக் கோயில்களில் 108 முறை மணியோசை. படிப்பவருக்கு இது தொன்றுதொட்டு வரும் ஒழுங்கு என்று தோன்றும். விழாக்கள் பழையவைதாம். சிலவற்றின் வேர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து வந்த அரண்மனைச் சடங்குகளில் இருக்கிறது. ஆனால் இந்தத் தேதி வரிசைக்கு வயது நூற்றைம்பது சொச்சம்தான். 1870இல் வாழ்ந்த ஒரு ஜப்பானிய விவசாயியிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால், பாதி விழாக்கள் பருவம் தப்பி நிற்கின்றன என்று திருப்பித் தந்திருப்பார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இடப்பெயர்ச்சியைப் பற்றி. ஒரு நாட்டின் விழாக்களை அரசு ஓர் ஆணையால் பெயர்த்து வேறு பருவத்துக்கு நகர்த்தினால், அவற்றில் எது பிழைக்கும், எது பட்டுப்போகும்? இப்படியொரு சோதனை உலகில் அடிக்கடி நடப்பதில்லை. ஜப்பானில் நடந்தது, விளைவும் கண்முன் இருக்கிறது. அதைப் பார்த்து நான் வந்தடையும் முடிவு இது: விழாவைத் தாங்குவதில் அரசாணைக்கும் பஞ்சாங்கத்துக்கும் நாம் நினைப்பதைவிடச் சிறிய பங்குதான். அந்த நாளில் இன்னார் இன்ன வேலையைச் செய்தாக வேண்டும் என்று ஒரு வீட்டிலோ தெருவிலோ பொறுப்பு விழுந்திருந்தால் விழா நிற்கிறது. பொறுப்பு யாருடையதும் இல்லையென்றால், எத்தனை பெரிய அரசு தாங்கிப் பிடித்தாலும் அது வெறும் விடுமுறையாகிவிடுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நமக்குப் பொங்கலும் ஆடிப்பெருக்கும் சூரியக் கணக்கு. தீபாவளியும் சிவராத்திரியும் திதிக் கணக்கு. ஜப்பானின் பழைய பஞ்சாங்கம், தெலுங்கரின் யுகாதிப் பஞ்சாங்கத்தைப் போல, மாதங்களைச் சந்திரனைக் கொண்டு எண்ணியது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துச் சூரியனோடு ஈடுகட்டியது. 1872 டிசம்பர் 9ஆம் நாள், அதாவது பேரரசர் மெய்ஜியின் காலக்கணக்கில் மெய்ஜி 5ஆம் ஆண்டு பதினொன்றாம் மாதம் ஒன்பதாம் நாள், இந்தக் கணக்கை ஒழித்து அரசு ஆணை வெளியிட்டது. பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாள் என்று ஒன்று வராது. அந்த நாளே 1873 ஜனவரி 1 ஆகும் என்றது அது. மக்களுக்குக் கிடைத்த அவகாசம் 23 நாள். அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை அச்சடித்து ஏற்கெனவே விற்கத் தொடங்கியிருந்தவர்கள் பெரும் நட்டத்தில் விழுந்தார்கள். உலக நாடுகளோடு ஒத்துப்போவதற்காக என்று வெளியே காரணம் சொல்லப்பட்டது. அன்றைக்கு நிதிப் பொறுப்பில் இருந்த ஒகுமா ஷிகெனொபு பிற்காலத்தில் உள்காரணத்தையும் சொல்லிவிட்டார். மெய்ஜி 6ஆம் ஆண்டில் அதிக மாதம் வரவிருந்தது. அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் என்று ஆகிவிட்ட பிறகு அந்த ஆண்டில் பதின்மூன்று சம்பளம் கொடுத்தாக வேண்டும். கஜானாவிலோ பணம் இல்லை. இரண்டே நாளில் முடிந்த பன்னிரண்டாம் மாதத்துக்கும் சம்பளம் கிடையாது என்றாயிற்று. ஆக ஒரே ஆணையில் இரண்டு மாதச் சம்பளம் மிச்சம். அவசரத்தில் எழுதிய ஆணை என்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு: நூற்றாண்டு முடிவில் வரும் ஆண்டுகள் எல்லாம் லீப் ஆண்டு ஆகா என்ற கிரெகோரி விதியை அதில் எழுத மறந்துவிட்டார்கள். 1898இல் தனியாக ஓர் ஆணை போட்டு அதைச் சரிசெய்தார்கள்.

இந்த மாற்றத்தால் ஒவ்வொரு விழாவும், தேதி எண்ணை வைத்துக்கொண்டால், மூன்று முதல் ஏழு வாரம் வரை முன்னால் வந்து விழுந்தது. அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி புதிய நாட்காட்டியை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். இதைச் சந்தேகிப்பவன் படிப்பறிவில்லாதவன் என்கிற தொனி அதில் இருந்தது. படிப்பறிவில்லாதவர்களுக்கு வேறு கவலை. நாற்று, நடவு, ஊர்க்கோயில் விழா எல்லாம் பழைய மாதங்களில் கட்டுண்டு கிடந்தன. 1873இல் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சிகள் சிலவற்றில் பழைய பஞ்சாங்கத்தைத் திருப்பிக் கொடு என்பதும் ஒரு கோரிக்கை. அரசு தரும் நாட்காட்டியில் பழைய தேதியும் சில காலம் துணைக்கு அச்சாகி வந்தது. 1910இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் யார் அச்சடித்தது என்றே தெரியாத கள்ளப் பஞ்சாங்கங்கள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. பேய்ப் பஞ்சாங்கம் என்று மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் அரசாணையின் வலிமைக்கு நல்ல அளவுகோல்.

பஞ்சாங்கத்தை மாற்றிய கையோடு, 1873 ஜனவரி 4ஆம் நாள், அரசு இன்னொரு காரியம் செய்தது. எடோ காலத்து ஷோகன் ஆட்சி முதல் மாதம் ஏழாம் நாள், மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு, ஒன்பதுக்கு ஒன்பது என்று ஐந்து திருநாள்களை அரசுமுறை நாள்களாக வைத்திருந்தது. அந்த ஐந்தும் ரத்து. அவற்றின் இடத்தில் அதே ஆண்டு அக்டோபரில் புதிய பட்டியல் வந்தது: முதல் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் நாள், ஆளும் பேரரசரின் பிறந்தநாள், முந்தைய பேரரசரின் நினைவுநாள், அரண்மனையில் புது நெல்லைத் தெய்வங்களுக்குப் படைக்கும் நீனாமெசாய் முதலியவை. ஒருபக்கம் அரசு கைவிட்ட ஐந்து. மறுபக்கம் அரசு பள்ளிக்கூடம், கொடி, பாட்டு, படை எல்லாவற்றையும் கொண்டு தாங்கிய புதிய நாள்கள். ஆய்வாளன் வேண்டிக் கேட்டாலும் இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

கைவிடப்பட்ட ஐந்தில் நான்கு இன்றும் வீடுகளில் நடக்கின்றன. முதலில் ஜனவரி 7. பழைய கணக்கில் இது பிப்ரவரியில் வரும். பனி விலகத் தொடங்கி வரப்பில் துளிர் தலைகாட்டும் சமயம். ஏழு வகை இளங்கீரை கிள்ளிவந்து கஞ்சியில் போட்டு, ஆண்டு முழுதும் நோயின்றி இருக்க வேண்டும் என்று உண்பார்கள். தேதி எண்ணோடு விழா ஜனவரிக்கு வந்ததும் கிள்ள வயலில் ஒன்றும் இல்லை. அப்படியானால் வழக்கம் செத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஜனவரி முதல் வாரம் ஜப்பானின் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் ஏழும் சேர்த்து அடுக்கிய பொதி கிடைக்கும். கனகாவா மாநிலத்து மியூரா தீபகற்பத்தில் இதற்கென்றே பயிரிடுகிறார்கள். தட்டைத் திறந்தால் ஐந்து வகைப் பசுந்தழை, கூடவே சுண்டுவிரல் பருமனில் ஒரு முள்ளங்கி, கோலிக்குண்டு போல ஒரு டர்னிப். கடைசி இரண்டும் ஏழில் சேர்ந்தவையே. நறுக்கி, உப்பிட்டு, வெள்ளைக் கஞ்சியில் கலந்தால் ஏழாம் நாள் காலை உணவு. புத்தாண்டு விருந்தில் களைத்த வயிற்றுக்கு இதம் என்று இப்போது ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள். வயல் போயிற்று, பருவம் போயிற்று, அரசின் அங்கீகாரமும் போயிற்று. காலையில் ஒருவர் எழுந்து கஞ்சி வைக்க வேண்டும் என்பது மட்டும் போகவில்லை.

மார்ச் 3 பொம்மைத் திருநாளும் அப்படியே. பீச் மலரின் திருநாள் என்று அதற்கு மறுபெயர். மார்ச் 3இல் பீச் பூக்காது. கடையில் விற்கும் கிளைகள் கதகதப்பான அறையில் வைத்து முன்கூட்டியே மலரச் செய்தவை. வீட்டில் பெண் பிறந்தால் பேரரசர், பேரரசி, பணிப்பெண்கள், இசைவாணர் என்று படிப்படியாக அடுக்கும் பொம்மை வரிசை வருகிறது. நவராத்திரிக் கொலு வைத்துப் பழகியவர்களுக்கு நான் மேலும் விவரிக்க வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, மென்தாள் பிரித்து, முகத்தில் விரல் படாமல் வைத்து, நாள் முடிந்ததும் தாமதிக்காமல் திரும்பக் கட்டி வைக்க வேண்டும். தாமதித்தால் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அச்சுறுத்தல்தான், ஆனால் வேலை நடந்தாக வேண்டும் என்பதற்காகவே உண்டான அச்சுறுத்தல். இந்த விழாவின் பழைய வடிவத்தைப் பார்க்க தொத்தோரி மாநிலத்து மோச்சிகாசே போக வேண்டும். அங்கே இன்றும் பழைய பஞ்சாங்கத்தின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளில்தான் விழா. வட்டமாகப் பின்னிய வைக்கோல் தட்டில் ஆணும் பெண்ணுமாகக் காகிதப் பொம்மைகளை வைத்து, பீச் கிளை சேர்த்து, சிறுமிகள் ஆற்றில் விடுகிறார்கள். ஆண்டின் தீங்கெல்லாம் பொம்மையோடு போகட்டும் என்பது கருத்து.

ஆக மக்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. தேதி எண்ணைப் பிடித்துக்கொண்டு பருவத்தை விடலாம். மோச்சிகாசே போலச் சந்திரனைப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது எண்ணை அப்படியே வைத்து ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போட்டு, பருவத்தை ஏறக்குறையக் காப்பாற்றலாம். மூன்றாவது வழி எந்த அமைச்சரவையும் கண்டுபிடித்ததல்ல. மலைப் பகுதியான தகயாமாவில் பொம்மைத் திருநாள் ஏப்ரல் 3. செண்டாய் நகரின் புகழ்பெற்ற தனபத்தா ஜூலை 7இல் இல்லை, ஆகஸ்டு 6 முதல் 8 வரை. இதற்கு நியாயம் உண்டு. தனபத்தா என்பது, வேகா, அல்டேர் என்று வானியலார் சொல்லும் இரண்டு விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை பால்வீதியைக் கடந்து சந்திக்கும் இரவு. பழைய ஏழாம் மாதம் என்றால் வானம் தெளிந்த இலையுதிர்கால வாசல். புதிய ஜூலை 7 என்றால் மழைக்காலத்தின் நடுவயிறு. பெரும்பாலான ஆண்டுகளில் மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகமே 2001 முதல் பழைய கணக்குப்படி தனபத்தா நாளைக் கணித்து அறிவித்து வருகிறது. ஆனாலும் தோக்கியோவின் தொடக்கப்பள்ளிகளில் ஜூலை 7 நெருங்கும்போது பிள்ளைகள் வண்ணக் காகிதத் துண்டில் விருப்பத்தை எழுதி மூங்கிலில் கட்டுகிறார்கள். வெளியே மழை. விண்மீன் இல்லாமலும் விண்மீன் விழா நடக்கிறது, ஏனென்றால் எழுதிக் கட்டுவது அவர்கள் வேலை.

அரசு தாங்கிய நாள்களின் கதை இதற்கு நேரெதிர். 1948 ஜூலையில் வந்த தேசிய விடுமுறைச் சட்டம் போருக்கு முந்தைய பட்டியலைக் கலைத்து ஒன்பது நாள்களை வைத்தது. இன்று பதினாறு ஆகியிருக்கின்றன. நீனாமெசாய் நாளான நவம்பர் 23, உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள் என்ற பெயரில் தொடர்கிறது. அரண்மனைக்குள் பேரரசர் இன்றும் அந்தப் படையலைச் செய்கிறார். வெளியே பெரும்பாலானவர்களுக்கு அது குளிர்காலத்துக்கு முன் கிடைக்கும் ஓய்வு நாள். நவம்பர் 3, பேரரசர் மெய்ஜியின் பிறந்தநாளாக விழாக் கண்டது, இப்போது பண்பாட்டு நாள். ஜிம்மு அரியணை ஏறிய நாளை 1948இல் எடுத்தார்கள். 1966இல் பெரிய சச்சரவுக்குப் பின் நாடு நிறுவப்பட்ட நாள் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். பல பத்தாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைத்த நாள், வரிசை கலைந்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் நின்றது. அன்றைக்கு என்ன சமைப்பார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்கு மறுப்பாக மே 5 குழந்தைகள் நாளையும், இரண்டு சமஇரவு நாள்களையும் காட்டலாம். அவை சட்டப்படி விடுமுறை. மக்களும் உயிர்ப்போடு கொண்டாடுகிறார்கள். அரசும் காப்பாற்றியிருக்கிறதே? சட்டம் என்ன சொல்கிறது, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். மார்ச் மாதச் சமஇரவு நாள் இயற்கையைப் போற்றி உயிர்களை நேசிக்க வேண்டிய நாள் என்கிறது சட்டம். அந்த நாள் எந்தத் தேதி என்பதை வானியல் கணக்குப் பார்த்து முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் வெளியிடுகிறார்கள். மக்களோ அந்த நாளை நடுவில் வைத்த ஏழு நாள்களில் குடும்பக் கல்லறைக்குப் போய், கல்லைக் கழுவி, பூவும் ஊதுவத்தியும் வைத்து, அரிசி உருண்டையைச் சிவப்புப் பயறு விழுதில் உருட்டிய இனிப்பைப் படைக்கிறார்கள். சட்டத்தின் வாசகம் தெரியாமல் தலைமுறைகள் இதைச் செய்துவிட்டன. மே 5இல் குழந்தையின் ஆளுமையை மதித்துத் தாய்க்கு நன்றி செலுத்தச் சொல்கிறது சட்டம். வீட்டில் கருவாலி இலையில் சுற்றிய மோச்சி தின்று, வசம்பு இலை மிதக்கும் வெந்நீரில் குளிக்கிறார்கள். அரசு அந்த நாளுக்குக் கூரை போட்டது உண்மை. உள்ளே குடியிருந்தவர்கள் முன்பே இருந்தார்கள்.

ஒபோன் இந்த வாதத்துக்கு மிகப் பெரிய சான்று. பௌத்த நூல்களில் மௌத்கல்யாயனர் இறந்த தாயை மீட்கச் செய்த படையலின் கதையோடு சேர்ந்தது இது. ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் கோயில்களில் உணவு படைக்கச் சொன்னதாக நிஹோன் ஷோகி என்னும் பழம் வரலாறு 606ஆம் ஆண்டிலேயே குறிக்கிறது. இன்று தோக்கியோவின் பல பகுதிகளில் ஜூலை 13 முதல் 16, நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்டு 13 முதல் 16, ஒகினாவாவில் பழைய பஞ்சாங்கம் என மூன்று வழியும் ஒரே விழாவில் வாழ்கின்றன. வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகிக் குதிரை; கத்தரிக்காயில் நான்கு குச்சி செருகிப் பசு. மூதாதையர் குதிரையில் விரைந்து வரட்டும், பசுவில் மெல்லத் திரும்பட்டும் என்பது ஏற்பாடு. கியோத்தோவில் ஆகஸ்டு 16 இரவு ஐந்து மலைகளில் நெருப்பு மூட்டி அவர்களை வழியனுப்புகிறார்கள். நாடே சொந்த ஊருக்குப் போகிறது. ரயிலில் இடம் கிடைக்காது, நெடுஞ்சாலை நகராது. இத்தனைக்கும் ஆகஸ்டு 13, 14, 15, 16 எதுவும் சட்டப்படி விடுமுறை இல்லை. நிறுவனங்கள் தாமாகவே மூடுகின்றன, ஏனெனில் ஊழியர் இருக்க மாட்டார்.

வணிகர்கள்தாம் எல்லாவற்றையும் நடத்துகிறார்கள் என்று ஒரு வலுவான மறுப்பு உண்டு. இதில் உண்மை நிறைய இருக்கிறது. செண்டாயின் தெருவை மூடும் காகித அருவிகள் கடைத்தெருச் சங்கங்களின் கைவேலை. புத்தாண்டில் பெரிய கோயில்களுக்குப் போகும் வழக்கம் இன்றைய வடிவை அடைந்ததில் ரயில் கம்பெனிகளுக்குப் பங்கு உண்டு. கவாசாகியில் உள்ள புகழ்பெற்ற பௌத்தக் கோயிலுக்கென்றே 1899இல் மின்ரயில் விட்டார்கள். செட்சுபுன் அன்று ஆண்டின் நல்ல திசையைப் பார்த்து நின்று, வாய் திறந்து பேசாமல், நறுக்காத ஒரு முழு அரிசிச் சுருளைத் தின்னும் பழக்கம் ஒசாகா பக்கத்தது. 1989இல் ஹிரோஷிமாவில் ஒரு கடைத்தொடர் விற்கத் தொடங்கி, 1998இல் நாடு முழுக்கப் பரப்பியது. மிஞ்சியவை குப்பைக்குப் போவது பொறுக்காமல் 2019இல் வேளாண் அமைச்சகமே, தேவைக்கு ஏற்பத் தயாரியுங்கள் என்று கடைகளைக் கேட்டுக்கொண்டது. ஆனால் வணிகம் மட்டும் போதும் என்றால் பிரீமியம் வெள்ளிக்கிழமை ஏன் தோற்றது? 2017 பிப்ரவரியில் அரசும் பெருநிறுவனக் கூட்டமைப்பும் சேர்ந்து, மாதக் கடைசி வெள்ளியன்று மூன்று மணிக்கே வேலையை முடித்துச் செலவு செய்யுங்கள் என்று பெரிய விளம்பரத்தோடு அறிமுகப்படுத்தின. சில ஆண்டுகளில் பெயர்கூட மங்கிவிட்டது. அரிசிச் சுருளை வாங்கியவனுக்கு வீட்டில் ஒரு காரியம் இருந்தது: திசை பார்க்க வேண்டும், பேசக் கூடாது, குழந்தை சிரித்துவிடும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெளியே வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. வணிகர் தந்ததில் வேலையாக மாறியது தங்கியது. மீதி விற்றுத் தீர்ந்தது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. விழாவின் உள்ளடக்கம்தான் விதியைத் தீர்மானிக்கிறது, செய்பவர் அல்ல என்று சொல்லலாம். நிலாப் பார்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். பௌர்ணமி இல்லாமல் அதை நடத்த முடியாது. எனவே எந்தத் தேதியிலும் கட்டுப்படாமல் 2023இல் செப்டம்பர் 29, 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6 என்று இன்றும் அலைகிறது. செட்சுபுன் சூரியனைச் சார்ந்தது. பஞ்சாங்க மாற்றம் அதைத் தொடவே இல்லை. 2021இல் அது 124 ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாகப் பிப்ரவரி 2இல் வந்தபோது பலரும் வியந்தார்கள். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். வானம் சில விழாக்களுக்கு நாள் குறிக்கிறது. ஆனால் நாள் குறிப்பது வேறு, உயிர் கொடுப்பது வேறு. வானத்தை நம்பிய தனபத்தா வானத்தை விட்டுவிட்டும் வாழ்கிறதே.

ஐந்தில் மாண்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்பதுக்கு ஒன்பது, சோயோ என்னும் செவ்வந்தித் திருநாள். முதல்நாள் இரவு செவ்வந்திப் பூக்களைப் பஞ்சால் மூடிவைத்து, மறுநாள் பனியில் நனைந்த அந்தப் பஞ்சால் முகம் துடைத்து நீண்ட ஆயுளை வேண்டியது அரண்மனை. செப்டம்பர் 9இல் செவ்வந்தி மலராது என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். பீச்சும்தான் மார்ச்சில் மலரவில்லை. சோயோவை வீட்டில் செய்ய ஆள் இல்லை, அதுவே வேறுபாடு. அதே சோயோ கியூஷூத் தீவில் தெருக்களின் கையில் கிடைத்தபோது சாகவில்லை. நாகசாகியில் 1634 முதல் நடக்கும் குன்ச்சி விழா ஒன்பதாம் நாளின் விழாதான். ஒரு மாதம் தள்ளி இன்று அக்டோபர் 7 முதல் 9 வரை நடக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஆடும் முறை வரும். முறை வந்த தெரு ஜூன் 1ஆம் தேதியே ஒத்திகையில் இறங்கிவிடும். தெருவின் அடையாளமான, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அலங்காரக் குடையை ஒரே ஆள் தூக்கிச் சுழல வேண்டும். முறை தவறினால் அவமானம் தெருவுக்கு. கியோத்தோவின் கியோன் விழாவும் இப்படித்தான். 1533இல் ஆட்சியாளர் விழாவை நிறுத்தச் சொன்னபோது, கோயில் சடங்கு இல்லாவிட்டாலும் எங்கள் தேர்கள் போக வேண்டும் என்று தெருக்காரர்கள் நின்றார்கள். 1864 போர்த்தீயில் எரிந்த பெரிய கப்பல் தேரை, அதற்குரிய தெரு 150 ஆண்டு கழித்து 2014இல் மீண்டும் ஊர்வலத்தில் இழுத்தது.

இந்த இடத்தில் தமிழருக்கு நெருக்கமான ஒரு கேள்வியைத் தொடாமல் போக முடியாது. மொழியியலாளர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று நிறுவ முயன்றபோது, பொங்கலையும் ஜப்பானின் சிறு புத்தாண்டான கோஷோகட்சுவையும் ஒப்பிட்டார். தமிழறிஞர்களான பொற்கோவும் சண்முகதாஸ் தம்பதியரும் அந்த ஆய்வுகளில் அவரோடு இயங்கியவர்கள். அன்று காகத்துக்குச் சோறிடுவது, உரக்கக் கூவுவது, சிவப்புப் பயறுக் கஞ்சி என்று சில ஒற்றுமைகள் ஆர்வமூட்டுபவை. ஜனவரி 15 என்ற நாள் ஒற்றுமையும் கேட்பவர் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்கிறது. நாளை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். கோஷோகட்சு பழைய முதல் மாதத்தின் பௌர்ணமி விழா. பிப்ரவரி தொடக்கத்துக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையில் விழுந்தது. அதை ஜனவரி 15க்கு இழுத்துவந்தது மெய்ஜி அரசின் ஆணை. பொங்கல் சூரியன் மகர ராசியில் நுழையும் நாள். ஆங்கிலத் தேதியில் அதுவும் மெல்ல நகர்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கிராந்தி நாள் என்பது பலரும் அறிந்தது. இருவேறு நகர்வுகள் ஒரு தேதியில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவே. சடங்குகளின் ஒற்றுமை தனியே ஆராயத் தக்கது. ஜப்பானிலேயே அந்தத் தேதி நிலைக்கவில்லை. வயதுவந்தோர் நாள், பழைய பருவமெய்தும் சடங்கின் நினைவாக ஜனவரி 15இல் வைக்கப்பட்டது. நீண்ட வார இறுதி கிடைக்கட்டும் என்று 2000 முதல் இரண்டாம் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஊர்களில் புத்தாண்டு அலங்காரங்களைக் கூட்டி எரிக்கும் நெருப்பு அரசைக் கேட்காமல் பல இடங்களில் ஜனவரி 15ஐ ஒட்டியே மூட்டப்படுகிறது.

என் வாதம் சரியென்றால் அதற்கு ஒரு கசப்பான விளைவும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. வேலை செய்யும் கைகள் குறைந்தால் விழாவும் குறைய வேண்டும். குறைகிறது. முற்றத்தில் கம்பம் நட்டுக் கெண்டைமீன் கொடி ஏற்றிய வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளின் பழைய கொடிகளைத் திரட்டி ஆற்றின் குறுக்கே கட்டித் தொங்கவிடும் வழக்கம், குமமோத்தோ மாநிலத்தின் சுயெதாத்தே வெந்நீரூற்று ஊர் உட்படப் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. புத்தாண்டு விருந்தின் அடுக்குப் பெட்டியை மூன்று நாள் நின்று சமைத்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். இன்று அது பல வீடுகளுக்குக் கடையிலிருந்து வருகிறது. வீடு காத்தது என்று நான் சொல்லும்போது யாருடைய முதுகு வலித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி கடைக்குப் போனதற்காக நான் வருந்தப் போவதில்லை.

இவாத்தே மாநிலத்தின் கொகுசெகிஜி கோயிலில் கடுங்குளிரில் ஆண்கள் கோவணத்தோடு இரவெல்லாம் ஒரு சணல் பைக்காக முட்டிமோதும் சோமின் விழா, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படுவது, 2024 பிப்ரவரி 17ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. யாரும் தடை போடவில்லை, பஞ்சாங்கமும் மாறவில்லை. ஏற்பாடு செய்து வந்த சில குடும்பங்களில் முதியவர்கள் தளர்ந்தார்கள், அடுத்து வருபவர் இல்லை. கோயிலே முடிவெடுத்து அறிவித்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 22ஆம் தேதி, அய்ச்சி மாநிலத்தின் கோனோமியா கோயிலில் அதே வகை விழா பழைய பஞ்சாங்கத்தின் முதல் மாதம் பதின்மூன்றாம் நாளில் நடந்தது. அங்கே முதல்முறையாகப் பெண்கள் நாற்பது பேரளவில் சேர்ந்து, துணி சுற்றிய மூங்கிலைச் சுமந்துவந்து கோயிலில் செலுத்தினார்கள். ஆண்கள் நெரியும் பகுதியில் அவர்கள் இல்லை. மூங்கில் சுமக்கும் பங்கு அவர்களுக்கு வந்தது. இது மரபு அல்ல என்று சிலர் முணுமுணுக்கலாம். மரபு அல்லாதது பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்கிவிட்ட நாட்டில் அந்த முணுமுணுப்புக்கு அதிக எடை இல்லை என்றே நான் கருதுகிறேன். வேலைக்கு ஆள் வந்தது; அடுத்த ஆண்டும் மூங்கில் வெட்டியாக வேண்டும்.